அமெச்சூர் வானொலி அஞ்சல் நிலையத்தின் வளர்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

வானொலியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் சிலரின் பெயர்களாலும், அரசுகளும் கூட்டுத்தாபனங்களும் நிறுவிய ஒலிபரப்பு நிலையங்களாலும் எழுதப்பட்டுள்ளது. ஊதியம் எதனையும் கருதாது, வீட்டின் ஓர் அறையிலே செலுத்தியும் வாங்கியும் அமைத்துத் தம்முள் உரையாடி வந்த அமெச்சூர் வானொலியாளருக்கு அவ்வரலாற்றிற் கிடைத்திருப்பது ஓரிரு பக்கங்களே. அவர்கள் குன்றுகளின் உச்சியில் நிறுவிய அஞ்சல் நிலையங்கள் அவ்வோரிரு பக்கங்களிலும் இடம்பெறுவதில்லை. ஒரு நிகழ்ச்சியை ஒரு நிலையத்திலிருந்து பெற்று இன்னொரு நிலையம் பரப்புவதை 'அஞ்சல் செய்தல்' எனத் தமிழ் ஒலிபரப்பாளர் வழங்குவர். வலுக் குறைந்த ஒரு குரலை ஒரு மீடிறனிற் கேட்டு, அதே கணத்தில் இன்னொரு மீடிறனில் உரத்துச் சொல்லும் பொறியே இங்கு அஞ்சல் நிலையம் எனப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதனை ரிப்பீற்றர் என்பர். கேட்பதும் சொல்வதும் ஒரே கணத்தில், ஒரே குன்றில் நிகழவேண்டும் என்பதே இதன் சிறப்பு. இதன் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்ற இடர்ப்பாடும் அதுவே.

அஞ்சல் என்னும் எண்ணம் பொறிக்கு முன்னரே மனிதரிடத்துத் தோன்றிவிட்டது. 1912ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவின் அமெச்சூர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிற்று. அவ்வலைகளாற் பயனில்லை என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அன்றைய கருவிகளைக் கொண்டு சில பதின் மைல்களுக்கு அப்பாற் செய்தி அனுப்புதல் அரிதாயிருந்தது. கனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்பேட் நகரில் வாழ்ந்த ஹைராம் பேர்சி மக்சிம் என்பார் 1914ஆம் ஆண்டில் ஸ்பிறிங்பீல்ட் நகரத்து அமெச்சூர் ஒருவருடன் தொடர்புகொள்ள முயன்றார். இடைத்தூரம் ஏறத்தாழ 30 மைல். அவருடைய நிலையத்தால் அத்தூரத்தை எட்ட முடியவில்லை. இடைவழியில் வின்ட்சர் லொக்ஸ் என்னும் ஊரிலிருந்த இன்னோர் அமெச்சூர் செய்தியைப் பெற்று மேலே அனுப்பிவைத்தார். இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து நாடளாவிய ஓர் ஒழுங்கமைப்பைக் கற்பனை செய்த மக்சிம், அதே ஆண்டில் அமெரிக்க வானொலி அஞ்சற் கழகத்தை நிறுவினார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த சேர் ஹைராம் மக்சிமின் மைந்தர் இவர் என்பதும், துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியை ஆக்கியவர் இவரே என்பதும் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். ஓசையை அடக்கியவரே மெல்லிய ஓசையை நெடுந்தூரம் எடுத்துச் செல்லும் கழகத்துக்குத் தந்தையுமானார்.

1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட செய்தியொன்று கைமாறிக் கைமாறி லொஸ் ஏஞ்சல்ஸை அடைந்து, மறுமொழியுடன் 1 மணி 20 நிமிடத்தில் மீண்டது. ஒவ்வோர் இடைநிலையத்திலும் விழித்திருந்த ஒருவர் மோர்ஸ் குறிகளைக் காதாற் கேட்டு, தாளில் எழுதி, மீண்டும் விரலால் தட்டினார். ஆயின் இம்மனிதச் சங்கிலி நெடுங்காலம் இன்றியமையாததாய் இருக்கவில்லை. 1923 நவம்பரில் அமெரிக்க அமெச்சூர்களான பிறெட் ஷ்னெல், ஜோன் றைனாட்ஸ் ஆகியோர் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலோயுடன் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் இருவழித் தொடர்பு கொண்டனர். பயனற்றவை என ஒதுக்கப்பட்ட சிற்றலைகள் வானத்து அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி, இடைநிலையம் எதுவுமின்றிக் கண்டங்களை இணைத்தன. கழகத்தின் பெயரில் மட்டும் 'அஞ்சல்' எஞ்சியது.

அவ்வெண்ணம் மீண்டும் உயிர்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மோட்டார் வண்டிகளிலேயே. 2 மீற்றர் அளவினவான மிகக் குறுகிய அலைகளுக்குச் சிறிய ஏரியல் போதும். வண்டியின் கூரையில் அதனைப் பொருத்தலாம். ஆனால் இவ்வலைகள் வானத்திற் பட்டுத் திரும்புவன அல்ல. ஏறக்குறைய ஒளியைப் போலவே நேரே செல்வன. 30 அடி உயரத்து ஏரியலுக்கு வானொலித் தொடுவானம் ஏறத்தாழ 8 மைலில் முடிந்துவிடும். 1,700 அடி உயரத்துக் குன்றில் நிற்கும் ஏரியலுக்கோ அது 58 மைல் வரை விரியும். பள்ளத்தாக்கில் வண்டியோட்டும் இருவர் ஒருவரையொருவர் கேளாராயினும் குன்றுச்சி இருவரையும் கேட்கும். எனவே குன்றுச்சியில் ஒரு செவியையும் ஒரு வாயையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதனை முதலிற் செய்தவர் யார் என்பதில் வழக்கு முற்றாகத் தீர்ந்ததில்லை. எனினும் லொஸ் ஏஞ்சல்ஸின் வடபால், ஹொலிவூட் என்னும் பேரெழுத்துக்கள் நிற்கும் லீ மலையில், ஆட் ஜென்றி என்பார் 1950களின் நடுப்பகுதியில் இயக்கத் தொடங்கிய கே6எம்வைகே என்னும் நிலையமே பொதுவாக முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. அது அலையின் வீச்சத்தை மாற்றிக் குரலை ஏற்றும் பழைய முறையில் இயங்கியது. மீடிறனை மாற்றிக் குரலை ஏற்றும் ஆம்ஸ்ட்றோங்கின் முறை அமெச்சூர்களிடையே பரவியமைக்குக் காரணம் கொள்கையன்று, மலிவே. 1960களிற் பொலிஸ், தீயணைப்பு, வாடகைக் கார் ஆகியவற்றின் வானொலிகள் முன்னிலும் ஒடுங்கிய அலைவரிசைகளுக்குள் அடங்கவேண்டுமெனச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு விதித்தது. அதனாற் பயனிழந்த மோட்டரோலா, ஜெனரல் இலெக்ற்றிக் கருவிகள் பழம்பொருள் விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றின் பளிங்குகளை மாற்றி, சுற்றுக்களை மீள இசைவித்து, 2 மீற்றர்ப் பகுதிக்குக் கொணர்ந்தனர். 1912இல் ஒரு சட்டத்தால் ஒதுக்கப்பட்டோர் சிற்றலையைக் கண்டனர். இன்னொரு சட்டத்தால் ஒதுக்கப்பட்ட பொருளைக்கொண்டு அவர்தம் வழிவந்தோர் குன்றேறினர்.

கருவி கிடைத்தது, இடர்ப்பாடு தீரவில்லை. வழக்கமான நிலையமொன்று 50 உவாற்று வலுவைச் செலுத்துமாயின், அதனருகிலுள்ள வாங்கி கேட்கவேண்டிய குறியோ ஒரு வோல்ற்றின் நாற்பது இலட்சத்தில் ஒரு பங்கேயாம். வலுவளவில் இவ்விரண்டிற்கும் உள்ள விகிதம் நாற்பதாயிரம் இலட்சம் கோடி மடங்கு. கோயிலின் பெருமணி ஒலிக்கும்போது, அதனடியில் நின்று அடுத்த ஊரில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது. இரண்டின் மீடிறன்களும் வேறு என்பது உண்மை. ஆயினும் 2 மீற்றர்ப் பகுதியில் வழக்காகிய இடைவெளி 600 கிலோஹேர்ட்ஸ் மாத்திரமே. 146.34 மெகாஹேர்ட்ஸிற் கேட்டு 146.94இற் சொல்வது அக்காலத்துப் பெருவழக்கு. இவ்விடைவெளி மீடிறனில் நூற்றுக்கு அரைப்பங்கும் ஆகாது.

முற்பட்டவர்கள் இதற்குக் கண்ட தீர்வு தூரம். வாங்கியை ஒரு குன்றிலும் செலுத்தியை மைல் சில தள்ளி இன்னொன்றிலும் வைத்து, இடையே தொலைபேசிக் கம்பியாலோ வேறொரு வானொலித் தொடராலோ இணைத்தனர். இரண்டு இடம், இரண்டு வாடகை, இரண்டு மின்கட்டணம் என்பன சிறு கழகங்களுக்குச் சுமையாயின. நிலைத்த தீர்வு பரிவுக் கலங்களாலேயே வந்தது. செம்பினாலோ அலுமினியத்தாலோ ஆன, ஏறத்தாழ அரைமீற்றர் உயர உருளை ஒன்றனுள்ளே நடுவிற் கோலொன்றை நிறுத்தினால் அது ஒரு குறித்த மீடிறனுக்கு மட்டும் பரிவுறும். கோலின் நீளத்தைத் திருகி மாற்றுவதால் அம்மீடிறனை மாற்றலாம். இத்தகைய கலங்கள் சிலவற்றைச் செலுத்தியின் பக்கமும் சிலவற்றை வாங்கியின் பக்கமும் தொடுத்து, இரண்டையும் ஒரே ஏரியலுடன் இணைக்கும் அமைப்பு டுப்ளெக்சர் எனப்பட்டது. குன்றுச்சியின் பகல் வெயிலும் இரவுக் குளிரும் கோலை நீட்டியும் குறுக்கியும் இசைவைக் குலைத்தமையால், வெப்பத்தில் மிகச் சிறிதே நீளும் இன்வார் என்னும் கலப்புலோகம் அதற்குக் கையாளப்பட்டது. வாணிக நிறுவனங்கள் இவற்றை விற்றனவாயினும் விலை மிகுதி. ஆகவே நீர்க்குழாய்ச் செம்பை வெட்டிப் பற்றாசு வைத்துத் தாமே செய்துகொண்டோர் பலர். இவ்வரலாற்றின் மிகச் சிறந்த கைவினை இதுவேயெனல் தகும்.

கலம் அமைந்த பின்னரும் பொறி பழுதுறுவது இயல்பு. அப்பழுதைத் தேடும் முறையிலேயே அமெச்சூர்களின் அறிவு முதிர்ச்சியடைந்தது. தொலைவிலிருந்து பேசுபவரின் குரல், நிலையம் வாய்திறந்த கணத்தில் இரைச்சலுள் அமிழ்ந்துபோதல் பொதுவான நோய். இதற்கு வேறுபட்ட இரு காரணங்கள் உண்டென்பது எளிதில் விளங்கவில்லை. ஒன்று, செலுத்தியின் பேரலை வாங்கியைத் திணறச் செய்தல். மற்றையது, செலுத்தி தன் மீடிறனுக்கு இருமருங்கும் சிந்தும் இரைச்சலின் ஒரு பகுதி வாங்கியின் மீடிறனிலேயே வந்து விழுதல். முன்னையதற்கு வாங்கியின் வாயிலிற் கலத்தைக் கூட்டினால் நலம். பின்னையதற்கு அங்கே எத்தனை கலம் வைத்தும் பயனில்லை. வேண்டிய குறியும் வேண்டாத இரைச்சலும் ஒரே மீடிறனில் நிற்பதால் கலத்தால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. செலுத்தியின் வாயிலிலேயே அதனைத் தடுக்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது வாங்கியையே திருத்திக்கொண்டிருப்பவர் காலமும் பொருளும் இழப்பர்.

ஆகவே தேர்ந்தோர் கையாண்ட ஒழுங்கு பின்வருமாறு. ஏரியலைக் கழற்றி, அவ்விடத்தில் வலுவை வெப்பமாக மட்டுமே மாற்றும் போலிச் சுமையை இணைப்பர். செவிக்கு அரிதாக எட்டும் மெல்லிய குறியொன்றை வாங்கிக்குப் புகட்டி, பின்னர்ச் செலுத்தியை இயக்குவர். குறி மாறாது நின்றால் பெட்டிக்குள் இருப்பவை குற்றமற்றவை. நோய் வடத்திலோ ஏரியலிலோ கோபுரத்திலோ உள்ளது. குறி அமிழ்ந்தால் நோய் உள்ளேதான். அப்போது மேலதிகக் கலமொன்றை ஒருமுறை செலுத்தியின் வழியிலும் மறுமுறை வாங்கியின் வழியிலும் செருகிப் பார்த்தால், எவ்வழியில் நலம் பிறக்கின்றதோ அதுவே காரணத்தைக் காட்டும். கம்பிப் பின்னல் ஒற்றையாயுள்ள மலிவான வடம் அலையைக் கசியவிடும். பெட்டிக்குள் ஓரடி நீளத்தில் அதனைப் பயன்படுத்தியதால் விலையுயர்ந்த கலங்கள் யாவும் வீணான நிலையங்கள் உண்டு.

கோபுரத்து நோய் இன்னும் நுட்பமானது. துருவேறிய மரையாணி ஒன்றே இருவாயியைப் போல இயங்கி இரண்டு அலைகளைக் கலந்துவிடும். 146.94இற் சொல்லும் நிலையத்தின் அயலில் 147.54இற் செலுத்தும் வேறொரு நிலையம் இருப்பதாகக் கொண்டால், முன்னையதன் இருமடங்கிலிருந்து பின்னையதைக் கழிக்க வருவது 146.34, அதாவது நிலையம் கேட்கும் மீடிறனே! இரண்டும் ஒருங்கே இயங்கும்போது மட்டும் தோன்றி மறையும் இப்பேய்க்குரலைத் துரத்தி, மழைநாளில் மறைவதையும் காற்றில் நடுங்குவதையும் குறித்து வைத்து, ஈற்றில் ஓர் ஆணியை மாற்றித் தீர்த்தல் சில வேளைகளில் மாதக்கணக்காகும். இவ்வறிவு எப்பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்திலும் முதன்மை பெற்றதன்று. வார இறுதிகளிற் கருவிகளைச் சுமந்து குன்றேறியவர்களிடமிருந்து அது பிறருக்குப் பரவியது.

பொறிகள் பெருகவே சட்டச் சிக்கலும் எழுந்தது. ஆளில்லாக் குன்றில் பொறி பேசுமாயின் பேசுபவர் யார்? ஒருவர் தகாதது உரைத்தால் பொறுப்பு எவருடையது? 1972இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு அஞ்சல் நிலையங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. டபிள்யூஆர் என்று தொடங்கும் தனி அழைப்புக்குறி வேண்டும். கட்டுப்படுத்துவோர் ஒருவர் எக்கணமும் நிறுத்த வல்லவராயிருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. தனி அழைப்புக்குறி முறை அப்பத்தாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. அளவிறந்த தாள்வேலையைச் சுமத்திய அவ்விதிகளை அன்றைய அமெச்சூர்கள் கண்டித்தமை நியாயமே. எனினும் கட்டுப்படுத்துவோர் வேண்டுமென்ற விதியின் தேவையை மறுத்தல் அரிது. அதே ஆண்டிற் பிரித்தானியாவிலும் கேம்பிரிட்ஜ் பகுதியில் முதலாவது நிலையம் இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் 1750 ஹேர்ட்ஸ் சீழ்க்கையொலி ஒன்றை அனுப்பி நிலையத்தை விழிப்பிக்கும் வழக்கம் நிலைபெற்றது.

பழைய தலைமுறையினர் சிலர் இப்புதுமையை இகழ்ந்தனர். தன் கையால் அமைத்த கருவியும் தன் முயற்சியும் வானத்தின் இயல்புமே அமெச்சூரின் பெருமை. பிறர் பொறியின் தோளிலேறி உரக்கப் பேசுவது வானொலியாகாது என்பது அவர் கட்சி. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் 1914இல் ஹாட்பேட்டிலிருந்து புறப்பட்ட செய்தியும் பிறரொருவரின் தோளிலேயே ஏறியது என்பதை அவர்கள் மறந்தனர். அமெச்சூர் வானொலி தனிமனித முயற்சியாகவே வளர்ந்த ஒன்று. அஞ்சல் நிலையமோ அதனுள் ஒரு பொதுவுடைமையைப் புகுத்திற்று. சந்தா சேர்த்தல், முறைவைத்துக் குன்றேறுதல், அண்டைக் கழகத்துடன் மீடிறனைப் பங்கிடுதல், ஒருவரே மூன்று நிமிடத்துக்கு மேற் பேசாவண்ணம் பொறிக்குள் நேரக்காவல் வைத்தல் ஆகிய யாவும் ஊர்க்குளத்து மதகைக் காக்கும் முறைமைகளை ஒத்தன.

பொதுவான ஒன்று வீழ்ந்தால் யாவரும் வீழ்வர் என்பதும் விரைவில் உணரப்பட்டது. 2005இல் கற்றீனாப் புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியபோது மின்சாரமும் கோபுரங்களும் அழியவே அஞ்சல் நிலையங்கள் பலவும் ஊமையாயின. அதற்கு முந்திய ஆண்டு, 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் ஹம்பாந்தோட்டைக்குச் சென்ற இலங்கை அமெச்சூர் வானொலியாளர் கொழும்புடன் செய்தி பரிமாறியதும் குன்றுப்பொறி எதனையும் வேண்டாத சிற்றலையினாலேயே.

குன்றிலும் உயர்ந்த இடமொன்றை அமெச்சூர்கள் முன்னரே நாடியிருந்தனர். 1965 மார்ச் 9ஆந் திகதி ஏவப்பட்ட ஒஸ்கார் 3 என்னும் துணைக்கோள், 2 மீற்றர்ப் பகுதியிற் கேட்டதை அப்பகுதியிலேயே திருப்பிச் சொல்லும் அஞ்சற் பொறியைச் சுமந்து சென்றது. அது இயங்கிய இரண்டரை வாரத்தில் 22 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் அமெச்சூர்கள் அதனூடாகத் தொடர்புகொள்ள முற்பட்டனர். 1997இற் கனடாவில் தொடங்கிய இணையவழி இணைப்பு ஒரு கண்டத்துக் குன்றை மற்றொரு கண்டத்துக் குன்றுடன் தொடுத்தது. இலக்கமுறைக் குரலும் பின்னர் வந்துசேர்ந்தது. ஆயினும் அவ்விலக்கங்களும் ஒரே ஏரியலில் ஏறியிறங்க வேண்டியவையே. இரைச்சல் மிகுந்ததென முறைப்பாடு வந்தால், குன்றேறுபவர் முதலில் ஏரியலைக் கழற்றிப் போலிச் சுமையைப் பொருத்துகின்றார்.