கொம்பேயின் அறிவிப்பாளர்கள்

ஒரு செய்தி வந்தால், கண்டது யார், சொன்னது யார் என்று கேட்பது நமது ஹதீஸ் கலை நமக்குப் பழக்கிய பழக்கம். மனிதக் குரங்குகளின் அறிவைப் பற்றி இன்று உலகம் பேசுகின்ற பெரிய செய்திகள் பல ஆபிரிக்காவின் கொம்பேக் காட்டிலிருந்து வந்தவை. அவற்றையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

1960 ஜூலையில் 26 வயதான ஜேன் குடோல், தங்கனீக்கா ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள கொம்பேயில் வந்து இறங்கினார். கையில் பட்டம் எதுவும் இல்லை. அனுப்பி வைத்தவர் நைரோபியிலிருந்த லூயிஸ் லீக்கி. கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலம் அது. அந்த வருடம் முடியுமுன், ஒரு ஆண் சிம்பன்ஸி கறையான் புற்றின் துளைக்குள் புல்லுத் தண்டை விட்டு, அதில் தொற்றி வந்த கறையான்களைத் தின்பதை அவர் கண்டார். இலையுள்ள சுள்ளி கிடைத்தால் முதலில் இலையை உருவிவிடும். அதுவே கருவி செய்வதுதான். இனிக் கருவிக்கோ மனிதனுக்கோ புது விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சிம்பன்ஸியையும் மனிதனென்று ஏற்க வேண்டும் என்று லீக்கி பதில் அனுப்பினார்.

அந்தச் சிம்பன்ஸிக்குக் குடோல் வைத்த பேர் டேவிட் கிரேபியர்ட். மிருகத்துக்குப் பேர் வைப்பதா, நம்பர் போடு என்று கேம்பிரிட்ஜில் கண்டித்தார்கள். அவர் மசியவில்லை. பேரும் முகமும் பிடிபட்டதால்தான், எது எதற்குத் தாய், எது எதற்குக் கூட்டாளி என்று வருடக்கணக்காகத் தொடர முடிந்தது. மைக் என்ற ஆண் கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்தது. முகாமில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்களை உருட்டிச் சத்தம் போட்டு ஓடிவந்தே பெரிய ஆண்களை மிரட்டி, 1964 அளவில் தலைமைக்கு வந்துவிட்டது. தகரத்தைக் கையாளவும் தெரிந்தது, மற்றவை எதற்கு மிரளும் என்றும் தெரிந்தது.

இந்த அறிவுக்குக் கொடூரமான பக்கமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது: வடக்கே கசகேலா, தெற்கே கஹாமா. 1974 ஜனவரியில் கசகேலா ஆண்கள் தெற்கே போய், தனியே இரை தின்றுகொண்டிருந்த கோடி என்ற ஆணைக் கூடிநின்று அடித்தன. அதற்குப் பிறகு கோடியைக் காணவில்லை. நாலு வருடத்தில் கஹாமாக் கூட்டமே அழிந்தது.

கோடி அடிபட்டதைக் கண்ணால் கண்டவர் ஹிலாலி மதாமா என்ற தன்சானியக் கள உதவியாளர். 1975 மே மாதம் சயரிலிருந்து ஏரி கடந்து வந்த ஆயுததாரிகள் நான்கு பேரைக் கடத்திப் போனார்கள். வெளிநாட்டு மாணவர்கள் கொம்பேயை விட்டுப் போகவேண்டியதாயிற்று. ஆனாலும் பதிவு நிற்கவில்லை. ஏரிக்கரைக் கிராமத்து ஆட்கள் நாள்தோறும் மலையேறி, சிம்பன்ஸிகளின் பின்னால் நடந்து, சுவாஹிலியில் குறிப்பெழுதினார்கள். அந்த யுத்தத்தின் முடிவு நமக்குத் தெரிய வந்தது அவர்களால்தான்.

குடோல் தன் நூல்களில் இவர்களைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறார். அவர் கதையைச் சுருக்கிச் சொல்ல வந்தவர்கள்தான் விட்டுவிட்டார்கள். சிம்பன்ஸிக்குப் பேர் வைக்கலாமா என்று அவ்வளவு வாதாடிய உலகம், சாட்சி சொன்ன மனிதர்களின் பேரைக் கேட்க மறந்துபோனது. ஹிலால் என்று நம் பிள்ளைகளுக்கும் பேர் வைக்கிறோம். இந்த வரலாற்றை அடுத்த தடவை வகுப்பில் சொல்லும்போது, அறிவிப்பாளர் வரிசையை முழுதாகச் சொல்லுவோம்.