உடையும் உயிர்க்காவலும்

குத்தம்பாக்கத்து வயல்களில் வெயில் வேளையில் களை எடுப்போரைப் பாருங்கள். ஆடவர் தலையில் முண்டாசு இருக்கும். பெண்டிர் புடவைக்குமேல் ஆடவரின் முழுக்கைச் சட்டை இருக்கும். மழை வந்தால் கோணியின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலைமேல் கவிழ்த்துக்கொள்வர். தளர்ந்த பருத்தியாடை வியர்வையை உறிஞ்சிக் காற்றில் உலரவிட்டு உடலைக் குளிர்விக்கிறது. நீண்ட கை வெயிலையும் பயிரின் கீறலையும் தடுக்கிறது. உடை, நிலத்திற்கும் தொழிலுக்கும் ஏற்றதாதல் வேண்டும் என்பதை இவர்களுக்கு எப்பள்ளியும் கற்பிக்கவில்லை. அரசுகளோ இப்பாடத்தை மக்களின் உயிரை விலையாகக் கொடுத்தே கற்றன.

ஆங்கிலேயப் படைவீரர் நம் நாட்டிற்கு வந்தபோது, தம் குளிர்நாட்டிற்கு ஏற்ற செந்நிறக் கம்பளிக் கோட்டையும், கழுத்தை இறுக்கும் தோற்பட்டையையும் இங்கும் அணிந்தனர். அணிவகுப்பின் அழகிற்கு அவை பொருந்தின, வெயிலுக்குப் பொருந்தவில்லை. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படையே புழுதி நிறத் தளர்ந்த உடையை முதலில் மேற்கொண்டது. புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்தே ‘காக்கி’ என்னும் பெயர் பிறந்தது. 1857-இல் கோடை வெயிலில் போரிட நேர்ந்த வேறு பல படைகளும் தம் வெள்ளைத் துணிக்குப் புழுதி நிறம் ஏற்றிக்கொண்டன.

வெப்பத்தில் கற்ற பாடம் குளிரில் மறந்துபோயிற்று. 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கியபோது, நம்கா சூ ஆற்றங்கரையில், 10,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் நின்ற நம் வீரர் பலர், சமவெளிக்குரிய பருத்திச் சீருடையையே அணிந்திருந்தனர். தாக்குதலுக்கு முன்னரே குளிரும் உயரமும் சிலர் உயிரைக் கவர்ந்துவிட்டன. வெயிலில் நம்மைக் காக்கும் அதே பருத்தி, பனியில் நனைந்தால் உடலின் வெப்பத்தை விரைந்து போக்கிவிடும். கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும்.

22 ஆண்டுகள் சென்றன. 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சியாச்சின் பனிமலையில் இறங்கியபோது, பனிக்குரிய உடைகள் ஐரோப்பாவிலிருந்து முன்னதாகவே வாங்கப்பட்டிருந்தன. அவ்வளவு துன்பத்திற்குப் பின்னரே அம்முன்னேற்பாடு வந்தது.

நம் ஊருக்கு வடகிழக்கே ஆவடியில், 1961-இல் தோன்றிய படையுடைத் தொழிற்சாலை உளது. அங்கே ஊசி பிடிக்கும் கை, எல்லையில் நிற்கும் ஓர் உயிரைக் காக்கிறது என்று என் மாணவர்க்குக் கூறுவது என் வழக்கம்.

மலைப்பயணம் செல்லும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். தடித்த ஓர் ஆடையினும் மெல்லிய ஆடைகள் மூன்று நன்று. அவற்றினிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் களையலாம். உள்ளே வியர்வையைத் தேக்காத ஆடை, நடுவே கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் மறிக்கும் மேலங்கி என அமைத்துக்கொள்க. பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று எண்ணுமுன், செல்லும் இடத்தில் வெயிலா, மழையா, பனியா என்று கேளுங்கள். வயலில் நிற்போர் நாள்தோறும் கேட்கும் கேள்வி அதுவே.