கண்காணிப்பாளரின் கடவுச்சீட்டு

எந்த அரசுக்கும் கட்டுப்படாத சர்வதேச அமைப்பு எண்டு ஒன்று இருக்க முடியுமா? பதிலை புரூசெல்ஸில் தேட வேண்டாம். எங்கட திருகோணமலையிலேயே ஒரு கதை இருக்கு.

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையோட வந்தது இலங்கைக் கண்காணிப்புக் குழு. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து நாட்டவர்கள். ஆறு மாவட்ட அலுவலகங்களில் ஒன்று இங்கே. தண்டிக்கும் அதிகாரம் கிடையாது; போய்ப் பார்ப்பார்கள், மீறியது யார் எண்டு சொல்வார்கள். மீறல்களில் பெரும்பகுதி புலிகளுடையது எண்டு கணக்குக் காட்டியதும் இவர்கள்தான்.

2006 மே 29இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. கண்காணிப்புக் குழு ஒன்றியத்தின் கிளையே அல்ல. ஆனாலும் ஒன்றிய நாட்டவர்கள் செப்டெம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் எண்டார்கள் புலிகள். ஐந்தில் மூன்று நாட்டவர் மூட்டை கட்ட வேண்டியதாச்சு. ஆளை அல்ல, கடவுச்சீட்டைத்தான் பார்த்தார்கள்.

அதற்கிடையில், ஆகஸ்ட் 4இல் மூதூரில் அக்ஷன் பாம் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரிக்கப் போன கண்காணிப்பாளர்களை அரசு தடுத்தது. குழுத் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன் சுவீடன்காரர், போகிற ஆள். மாதக் கடைசியில், கொன்றது பாதுகாப்புப் படைகளே எண்டு அறிவித்தார். அரசு மறுத்தது. அந்தக் குழு மிகச் சுதந்திரமாகப் பேசிய நேரம் அதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறம். இழக்க ஒன்றும் மிச்சமில்லாத நேரமும் அதுதானே.

நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரி 16இல் உடன்படிக்கையோட குழுவும் முடிந்தது. மூதூர்க் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.