சொல்லாத பிணி: கட்சிரோலி ஆய்வும் அதன் பின்னும்

இந்திய நலவாழ்வு வரலாற்றில் மகளிர் கருப்பாதை அழற்சி நெடுங்காலம் கணக்கில் வராத பிணியாகவே இருந்துள்ளது. மகப்பேறும் குடும்பக் கட்டுப்பாடுமே அரசின் கருத்தை ஈர்த்தன. இந்நிலையில் மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தின் இரு சிற்றூர்களில் 650 பெண்களை ஆய்ந்த மருத்துவர் இராணி பங்கும் குழுவினரும் தம் முடிவுகளை 1989இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

அவர்களுள் 92 விழுக்காட்டினர்க்கு மகளிர் நோய் ஒன்றேனும் இருந்தது. சராசரியாக ஒருவர்க்கு 3.6 நோய்கள். அவற்றுட் பாதி தொற்றுகளே. முன்னர் இதற்கெனப் பரிசோதனையும் மருத்துவமும் பெற்றிருந்தோர் 8 விழுக்காட்டினர் மட்டுமே. இவற்றினும் கருதத்தக்கது பிறிதொன்று: 45 விழுக்காட்டினர் தமக்கு எக்குறையும் இல்லை என்றே கூறியிருந்தனர். வெள்ளைப்படுதலைப் பெண்மையின் இயல்பென எண்ணிப் பழகிய சமூகத்தில் இது வியப்பன்று.

1997இல் தொடங்கிய இனப்பெருக்க, குழந்தைநலத் திட்டம் இத்தொற்றுகளையும் தன்னுள் கொண்டது. பின்னர் அறிகுறி நோக்கி மருந்தளிக்கும் முறையில் வண்ணப் பொதிகள் வந்தன: வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்க்கு இஃது ஏற்றதே. ஆயினும் அறிகுறி காணாதார், அஃதாவது கட்சிரோலி காட்டிய அந்த 45 விழுக்காட்டினர் போன்றோர், இம்முறைக்குள் வாரார்.

அழற்சி மீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இல்லத்திலேயே உளது. அடிவயிற்று வலிக்கு மருந்துண்ணும் பெண்ணின் கணவனுக்கும் மருந்தளிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. மனைவி மட்டும் மருந்துண்டால் தொற்று கணவனிடமிருந்து மீண்டும் அவளை அடையும். ஆனால் மருத்துவமனை வரிசையில் நிற்பவள் அவள் ஒருத்தியே.