சீனத் திரைத்துறையுடனான பன்னாட்டுக் கூட்டுத் தயாரிப்புகள்

சீனத் திரைப்பட நிறுவனமும் பிறநாட்டு நிறுவனமும் முதலீட்டையும் கலைஞர்களையும் உரிமையையும் பகிர்ந்துகொண்டு எடுக்கும் படங்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. சீன விதிகள் வெளிநாட்டாருடன் சேர்ந்து படமெடுப்பதை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. இரு தரப்பும் பணம் போட்டு லாப நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டுத் தயாரிப்பு. வெளிநாட்டார் தம் செலவில் சீனாவில் படமெடுக்க, சீனத் தரப்பு கட்டணம் பெற்று இடமும் ஆளும் கருவியும் ஏற்பாடு செய்து தருவது உதவித் தயாரிப்பு. வெளிநாட்டாருக்காகச் சீனத் தரப்பே முழுப்படத்தையும் எடுத்துக் கொடுப்பது ஒப்படைப்புத் தயாரிப்பு. முதல் வகை மட்டுமே சீனத் திரையரங்குகளில் உள்நாட்டுப் படமாகக் கொள்ளப்படும்; இறக்குமதி ஒதுக்கீடு அதைத் தொடாது. பத்திரிகைகளும் விளம்பரங்களும் மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துவந்திருப்பதால், ஒரு படம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு காணப்படுகிறது.

தொடக்கம்

சீனாவில் வெளிநாட்டு முதலீட்டில் எடுக்கப்பட்ட தொடக்ககாலப் படங்களோடு பெஞ்சமின் பிராட்ஸ்கி என்பவரின் பெயரும் ஆசியா கம்பெனியின் பெயரும் இணைத்துப் பேசப்படுகின்றன. ஷாங்காயில் ஜாங் ஷிச்சுவான், ஜெங் ஜெங்சியூ இருவரும் 1913-இல் எடுத்த படம் இக்கம்பெனிக்காக எடுக்கப்பட்டதே. எனினும் பிராட்ஸ்கியின் பங்கு எவ்வளவு, கம்பெனி எந்த ஆண்டு தொடங்கியது என்பவற்றில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

1941-இல் ஷாங்காயில் வெளியான ‘உலகின் பிள்ளைகள்’ தனியே குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த யாக்கோப் ஃபிளெக், லூயிஸ் ஃபிளெக் தம்பதியர் நாஜிகளிடமிருந்து தப்பி ஷாங்காய்க்கு வந்த அகதிகள்; யாக்கோப், டாஹாவ், புகன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டு விடுதலையானவர். சீன இயக்குநர் ஃபெய் மு அவர்களோடு சேர்ந்து இப்படத்தை உருவாக்கினார். மக்கள் குடியரசு அமைந்த 1949-க்கு முன் சீன இயக்குநர் ஒருவரும் ஐரோப்பிய இயக்குநர்களும் இணைந்து பணியாற்றிய ஒரே படம் என்று இது பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1943-இல் வெளியான ‘வான்ஷி லியூஃபாங்’ என்ற அபினிப் போர்ப் படத்தைக் கூட்டுத் தயாரிப்பாகக் கருதலாமா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது.

மக்கள் குடியரசின் முதல் கூட்டுத் தயாரிப்பு எது?

பெரும்பாலான நூல்கள் 1958-இல் வெளியான ‘பட்டம்’ என்ற பிரெஞ்சு–சீன வண்ணப்படத்தையே முதலாவதாகக் கொள்கின்றன. செர்கெய் கெராசிமோவ், லியோனித் வர்லாமோவ் ஆகியோர் சீனக் கலைஞர்களுடன் சேர்ந்து எடுத்து 1950-இல் வெளியிட்ட இரு சோவியத் ஆவணப்படங்களை முன்வைத்து வேறு சிலர் இதை மறுக்கின்றனர். கதைப்படம் என்ற வரம்புக்குள் நின்றால் ‘பட்டம்’ முதலிடம் பெறும்.

ரோஜே பிகோவும் வாங் ஜியாயியும் இணைந்து இயக்கிய இந்தப் படம் குழந்தைகளுக்கானது. பாரிசின் மோன்மார்த்தர் பகுதியில் ஒரு மரத்தில் சீனப் பட்டம் ஒன்று சிக்கிக்கிடக்கிறது. பெய்ஜிங் சிறுவன் ஒருவன் எழுதிய கடிதம் அதில் கட்டப்பட்டிருக்கிறது. பட்டத்தின்மேல் வானர அரசன் சுன் வூகோங்கின் உருவம். அன்றிரவு கனவில் அந்த வானரன் உயிர்பெற்று, பாரிசுச் சிறுவனைப் பெய்ஜிங்குக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறான். மொழி தெரியாத ஊரில் கடிதம் எழுதியவனைத் தேடி அச்சிறுவன் தெருத்தெருவாக அலைவதே மீதிக் கதை. பிரான்சு சீன மக்கள் குடியரசை அங்கீகரித்தது 1964-இல்தான். தூதரக உறவு இல்லாத இரு நாடுகளின் கலைஞர்கள் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இப்படி ஒரு படத்தை எடுத்து முடித்தது, இத்துறையின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செயல்.

1959-இல் சோவியத் நிறுவனமான மாஸ்ஃபிலிமும் சீனாவின் சாங்சுன் படப்பிடிப்பு நிலையமும் சேர்ந்து ஒரு கதைப்படம் எடுத்தன. சோவியத் உறவு முறிந்தபின், பண்பாட்டுப் புரட்சி முடியும்வரை கூட்டுத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிற்று. சீன அரசின் அழைப்பில் வந்து ஆவணப்படம் எடுத்த இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி, 1974-இல் நாடு முழுவதும் கண்டிக்கப்பட்டார்.

1979 முதல் 1987 வரை

1979-இல் சீனத் திரைப்படக் கூட்டுத் தயாரிப்புக் கழகம் நிறுவப்பட்டது. வெளிநாட்டார் தரும் திரைக்கதையைப் பெற்று அனுமதிக்கு அனுப்புவது, விசா, கருவிகளுக்கான சுங்க அனுமதி, படப்பிடிப்பு நிலையங்களோடு ஒப்பந்தம் ஆகியவை இக்கழகத்தின் வழியாகவே நடந்தன.

சீன–ஜப்பான் உறவு சீரடைந்ததன் பத்தாம் ஆண்டான 1982-இல் ‘முடியாத ஆட்டம்’ வெளியானது. சாத்தோ ஜுன்யா, துவான் ஜிஷுன் இருவரும் இயக்கிய இப்படம் சீனர் ஒருவரும் ஜப்பானியர் ஒருவரும் தொடங்கிய ‘கோ’ பலகையாட்டம் போரால் தடைபடுவதைச் சொல்கிறது. முதல் கல் வைக்கப்பட்ட அந்த ஆட்டத்துக்கும் அதன் தொடர்ச்சிக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிகின்றன. இரு குடும்பங்கள் சிதறுகின்றன. படையெடுத்த நாட்டவரும் அதனால் அழிந்த நாட்டவரும் ஒரே திரைக்கதையை ஒத்துக்கொண்டது எளிதான காரியமன்று. 1983-இல் மாண்ட்ரியல் திரைப்பட விழாவின் முதற்பரிசு இதற்குக் கிடைத்தது.

அதே 1982-இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக ஜூலியானோ மொந்தால்டோ இயக்கிய ‘மார்கோ போலோ’ தொடர் சீன மண்ணில் படமானது. இதில் குப்ளாய் கானாக நடித்தவர் இங் ரூவோசெங். பண்பாட்டுப் புரட்சியின்போது மூன்றாண்டு சிறையில் இருந்த இவர், ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ நாடகத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்து, 1983-இல் மில்லரே பெய்ஜிங் வந்து இயக்கியபோது முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். 1986-இல் பண்பாட்டுத் துறைத் துணையமைச்சரானார். இக்காலக் கூட்டு முயற்சிகளின் வரலாறு பெருமளவு இவருடைய வாழ்க்கை வரலாறாகவே அமைந்திருக்கிறது.

அடுத்து வந்தது ‘கடைசிப் பேரரசர்’ (1987). வேறு எந்தக் கூட்டு முயற்சி பற்றியும் இவ்வளவு எழுதப்பட்டதில்லை. இயக்குநர் பெர்னார்டோ பெர்டோலூச்சி சீன அதிகாரிகளிடம் இரண்டு திட்டங்களைக் கொண்டுபோனார். ஒன்று, 1927-ஆம் ஆண்டின் ஷாங்காய் எழுச்சியைக் களமாகக் கொண்ட ஆந்த்ரே மால்ரோவின் நாவல். மற்றொன்று, பேரரசர் பூ யீயின் தன்வரலாறு. அதிகாரிகள் இரண்டாவதை விரும்பினர். திரைக்கதையைப் படித்துப் பார்த்த பின்னரே அனுமதி வழங்கப்பட்டது. தயாரிப்பாளர் ஜெரமி தாமஸ் பெரிய ஹாலிவுட் நிறுவனம் எதையும் சாராமல், வங்கிகளிடமிருந்தே பணத்தைத் திரட்டினார்.

தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பெய்ஜிங் அரண்மனைக்குள் படப்பிடிப்பு நடத்த அனுமதி பெற்ற முதல் மேற்கத்தியக் கதைப்படம் இது. ஹாங்காங் இயக்குநர் லீ ஹான்சியாங் 1983-இலேயே அங்கு படம் எடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்கத்திய நூல்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. துணை நடிகர்கள் மொத்தம் 19,000 பேர் என்று கூறப்படுகிறது. அவர்களில் பலர் சீன ராணுவ வீரர்கள். சிங் வமிசக்காலத் தோற்றம் வேண்டி அவர்களுக்கு முன்தலை மழிக்கப்பட்டு, பின்னல் வைக்கப்பட்டது. பூ யீயின் தம்பி பூஜியே அப்போது உயிரோடிருந்தார், ஆலோசகராக உதவினார். அனுமதிச்சீட்டை மறந்துவிட்டு வந்த நடிகர் பீட்டர் ஓ டூலைக் காவலர்கள் அரண்மனை வாயிலிலேயே நிறுத்திவிட்டதாக ஒரு செய்தியும் உண்டு.

படத்தில் பூ யீயை விசாரித்துத் திருத்தும் முகாம் அதிகாரியாக வருபவர் இங் ரூவோசெங். தாமே சிறையிலிருந்தவர், பதவியில் இருக்கும் துணையமைச்சர், சிறையதிகாரியாக நடிக்கிறார். அந்த முகத்தில் தெரியும் பொறுமைக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. பரிந்துரைக்கப்பட்ட ஒன்பது பிரிவுகளிலும் படம் ஆஸ்கர் விருது பெற்றது. இதைச் சீன வகைப்பாட்டில் கூட்டுத் தயாரிப்பு என்பதா, உதவித் தயாரிப்பு என்பதா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

அதே ஆண்டில் ஸ்பீல்பெர்க் ‘சூரியப் பேரரசு’ படத்தின் சில காட்சிகளை ஷாங்காயில் எடுத்தார். சாத்தோ ஜுன்யாவின் ‘துன்ஹுவாங்’ (1988) படத்துக்காகப் பாலைநிலத்தில் எழுப்பப்பட்ட நகர அரங்கம் இடிக்கப்படாமல், பின்னர் சுற்றுலாத் தலமானது.

பிற்காலம்

1990-களில் ஜப்பான், ஹாங்காங், தைவான் முதலீடு சீன இயக்குநர்களை உலக விழாக்களுக்குக் கொண்டுசென்றது. ஜாங் யீமோவின் ‘ஜூ தோ’, சென் கைகேயின் ‘போய் வா என் காதற்கிழத்தியே’ (1993) ஆகியவை இவ்வாறு உருவானவை. பின்னது கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. தியான் ஜுவாங்ஜுவாங்கின் ‘நீலப் பட்டம்’ படத்தின் இறுதிப் பணிகள் ஜப்பானில் முடிக்கப்பட்டன. இயக்குநர் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. கூட்டுத் தயாரிப்பின் இறுதிப் பணிகளைச் சீனாவுக்குள்ளேயே செய்ய வேண்டும், வெளியே செய்வதானால் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2004 ஒழுங்குமுறையிலும் இடம்பெற்றது. முதன்மை நடிகர்களில் வெளிநாட்டார் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது என்பதும் அதே ஒழுங்குமுறையின் விதிதான்.

எண்ணிக்கையில் மிகுந்தவை ஹாங்காங்குடன் எடுக்கப்பட்டவை. சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே 2004-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கை அவற்றை உள்நாட்டுப் படங்களாக்கியது.

ஆங் லீயின் ‘பதுங்கும் புலி, மறைந்த டிராகன்’ (2000) நான்கு ஆஸ்கர் பெற்றபின் ஹாலிவுட் நிறுவனங்களின் ஆர்வம் பெருகியது. அமெரிக்காவுடனான 2012 உடன்பாட்டின்படி வசூல் பங்கீட்டு இறக்குமதி ஆண்டுக்கு 20-இலிருந்து 34 படங்களாக உயர்ந்தது. வசூலில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு 25 விழுக்காடு. கூட்டுத் தயாரிப்பானால் இதைவிடக் கூடுதல் பங்கு கிடைக்கும் என்பதே ஈர்ப்பு. கூட்டுத் தயாரிப்பாக அறிவிக்கப்பட்ட ‘அயர்ன் மேன் 3’ (2013), இறுதியில் இறக்குமதிப் படமாகவே வெளியாயிற்று. சீனப் பிரதியில் மட்டும் சில நிமிடக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. ‘குங் ஃபூ பாண்டா 3’ (2016) படத்தில் சீன உச்சரிப்புக்கு ஏற்பப் பாத்திரங்களின் வாயசைவு தனியே மறுபடி வரையப்பட்டது. பார்வையாளருக்குச் செய்த இந்த மரியாதை எந்தச் சேர்ப்புக் காட்சியையும்விட மேலானது. 15 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட ‘பெருஞ்சுவர்’ (2016) அமெரிக்காவில் எடுபடவில்லை.

திபெத் பற்றிய 1997-ஆம் ஆண்டுப் படத்தால் சீனாவின் கோபத்துக்கு ஆளான ஜான்-ஜாக் ஆனோ, 2015-இல் பிரெஞ்சு–சீனத் தயாரிப்பான ‘ஓநாய்க் குலக்குறி’யை இயக்கினார். இதற்காக ஓநாய்க் குட்டிகள் வாங்கி, கேமராவுக்கும் மனிதர்க்கும் பழக்கி, பல ஆண்டுகள் வளர்க்கப்பட்டன. சீனா இதை ஆஸ்கருக்கு அனுப்பியபோது, போதிய சீனப் பங்களிப்பு இல்லையென அகாதமி ஏற்க மறுத்தது.

இந்தியாவுடனான கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் 2014-இல் கையெழுத்தானது. காஞ்சிபுரம் பற்றிக் குறிப்பெழுதி வைத்துப்போன துறவி யுவான் சுவாங்கின் பயணம் 2016-இல் இரு நாட்டு நிறுவனங்களால் படமாக்கப்பட்டது.

2018-இல் திரைப்பட நிர்வாகம் கம்யூனிஸ்ட் கட்சியின் பரப்புரைத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2019-இல் ‘அபாமினபிள்’ என்ற அசைவூட்டப் படத்தில் தென்சீனக் கடலுக்குச் சீனா உரிமை கோரும் வரைபடம் இடம்பெற்றதால் வியட்நாம் அதைத் திரையரங்குகளிலிருந்து விலக்கியது. பெருந்தொற்றுக்குப் பின் ஹாலிவுட்டுடனான பெரிய கூட்டுத் தயாரிப்புகள் குறைந்தன. 2023-இல் வெளியான ‘மெக் 2’ எஞ்சிய சிலவற்றுள் ஒன்று.