பந்தியில் எஞ்சிய பதார்த்தம்

ஒரு நகரின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் நாடுவது அதன் ஆலயங்களையும் அரண்மனைகளையும்தான். ஆனால் கல்லில் பொறிக்கப்பட்டவை பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறே. வெளியேற்றப்பட்டவர்கள் வேறிடங்களில் தம் தடத்தை விட்டுச் செல்கின்றனர். இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில், அத்தடம் எண்ணெய்ச் சட்டியிலும் ரொட்டிக் கூடையிலும் கிடக்கிறது. அந்நகரின் தெருவோரத்தில் நாமும் சற்று நின்று பார்ப்போம்.

பல்லாரோ என்பது அங்குள்ள பழஞ்சந்தை. அங்கே கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கிளறி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். இதன் பெயர் பனெல்லே. இது அரபியர் காலத்துப் பண்டம் என்பது ஊர் மரபு. அரபியர் பலெர்மோவைக் கைப்பற்றியது 831ஆம் ஆண்டில். 973இல் அங்கு வந்த இபின் ஹவ்கல் என்னும் பயணி, அந்நகரில் முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதி வைத்தார். கரும்பும் நெல்லும் எலுமிச்சையும் அத்தீவில் வேரூன்றியது அந்த ஆட்சியில்தான்.

அந்த நெல் இன்று ஒரு புனிதையின் திருநாளோடு இணைந்துவிட்டது. 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், டிசம்பர் 13, புனித லூசியாவின் திருநாளன்று, தானியம் ஏற்றிய கப்பலொன்று துறைமுகத்தை அடைந்ததாம். பசி பொறுக்காத மக்கள் கோதுமையை அரைக்கவும் காத்திராமல் அப்படியே வேகவைத்து உண்டார்களாம். அதன் நினைவாக அந்நாளில் பலெர்மோ மக்கள் ரொட்டியையும் மாவுப் பண்டங்களையும் தவிர்த்து, வேகவைத்த கோதுமையையும், அரன்சீனா எனப்படும் அரிசி உருண்டைகளையும் உண்கின்றனர். கிறிஸ்தவர்களின் நன்றிக்கடன், அரபியர் தந்த அரிசியில் செலுத்தப்படுகிறது!

நார்மானியர் 1072இல் நகரை வென்றபின்பும் பல சமயத்தார் அங்கு ஒருங்கே வாழ்ந்தனர். அதற்குச் சான்றாக ஒரு கல்லறைக் கல் உள்ளது. கிரிசாந்துஸ் என்னும் குருவானவர் தம் தாய் அன்னாவுக்காக 1149இல் அமைத்தது அது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அமைந்த அரபு என நான்கு வகையாக அதில் பொறித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சமூகத்தாரின் ஆண்டுக் கணக்கு. தம் தாயின் மறைவுக்கு அண்டை வீட்டார் அனைவரும் இரங்கவேண்டும் என அந்தக் குருவானவர் விரும்பினார் போலும்.

அந்த அண்டை வீட்டார் நிலைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், சிசிலியின் இஸ்லாமியரைத் தென்னித்தாலியிலுள்ள லூச்சேராவுக்குப் பெயர்த்து அனுப்பினார். எஞ்சியிருந்தவர்கள் யூதர்கள். அவர்களுடைய கதையை, நகரின் புகழ்பெற்ற மற்றொரு தெருப் பண்டம் சொல்கிறது.

நம் இறைச்சிக் கடைகளில் சுவரொட்டி எனப்படும் மண்ணீரலையும், நுரையீரலையும் வேகவைத்து, கொழுப்பில் வதக்கி, எள் தூவிய வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது ‘மணமாகாதது’. பாலாடைக்கட்டி சேர்த்தால் ‘மணமானது’ என்பது வேடிக்கையான ஊர் வழக்கு. யூதக் கசாப்புக்காரர்கள் அறுக்கும் பணிக்குச் சமய நெறி கருதிக் கூலி பெறாமல், குடலையும் ஈரலையும் கூலியாக எடுத்துக்கொண்டு, அவற்றைச் சமைத்துக் கிறிஸ்தவர்களுக்கு விற்றனர் என்பது மரபு.

1492 மார்ச் 31இல் பெர்டினாந்தும் இசபெல்லாவும் யூதர்களை வெளியேற்றும் ஆணையில் கையெழுத்திட்டனர். சிசிலியும் அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டதே. கைவினைத் தொழில்கள் முடங்கிவிடும் என்று தீவின் அதிகாரிகளே மன்றாடினர், பலனில்லை. 1493 ஜனவரியோடு சிசிலியில் யூத வாழ்வு முற்றுப்பெற்றது. ஆணையிட்ட அரசருக்கும் அரசிக்கும் பின்னர் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் ‘கத்தோலிக்க அரசர்கள்’ என்று பட்டம் சூட்டினார். இச்செய்தியை நாம் தலைகுனிந்தே படிக்கவேண்டியுள்ளது.

மண்ணீரல் ரொட்டி மட்டும் தங்கிவிட்டது. இன்று அது பன்றிக் கொழுப்பில் வதங்குகிறது. அதை முதலில் சமைத்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் இன்று அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்தால், தம் முன்னோரின் பண்டத்தை அவரால் வாயில் வைக்க இயலாது. பதார்த்தம் பந்தியில் இருக்கிறது. பரிமாறியவருக்கு அங்கே இடமில்லை. ஒரு மக்களின் உணவையும் உழைப்பையும் ஏற்றுக்கொண்டு, அம்மக்களை மட்டும் மறுப்பது எத்தகைய அநீதி!

திருச்சபை இதை உணராமல் இல்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத வெறுப்பைக் கண்டித்தது. 2000 மார்ச் 12இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இஸ்ரயேல் மக்களுக்கு எதிரான பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2017 ஜனவரியில், பலெர்மோ உயர்மறைமாவட்டம் பழைய யூதக் குடியிருப்பில் உள்ள தன் செபக்கூடம் ஒன்றை யூதர்களின் தொழுகைக்கு வழங்குவதாக அறிவித்தது. 500 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அறிவிப்பு. காலம் கடந்ததுதான், ஆயினும் வந்தது.

நற்கருணைப் பந்தியில் ஞாயிறுதோறும் அமரும் நாம், ஒவ்வோர் உணவுக்கு முன்பும் செபிக்கிறோம். விளைவித்த கரங்களையும் சமைத்த கரங்களையும் அப்போது நினைக்கிறோம். அந்தக் கரங்களுக்கு உரியவர்கள் நம்மோடு பந்தியில் அமர்ந்திருக்கிறார்களா என்பதையும் சற்றே திரும்பிப் பார்ப்போமாக.