குடிநீரில் மெக்னீசியம்: யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காததற்கும் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு சேர்வதற்கும் காரணம், அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500:2012) லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரையிலான மெக்னீசியத்தை ஏற்கத்தக்கதாகக் கொள்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 100 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

இந்த அளவைச் சற்றுக் கடந்த ஆய்வறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மெக்னீசியம் நச்சுப்பொருள் அன்று. தசை, நரம்பு, இதயத்துடிப்பு ஆகியவை சீராக இயங்க இன்றியமையாத தாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 450 மில்லிகிராம் தேவை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள நீரை நாள்தோறும் 2 லிட்டர் அருந்தினாலும் 100 மில்லிகிராமே கிடைக்கும். மிகுதியை நலமான சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடும். சல்பேட்டும் சேர்ந்து மிகுந்துள்ள நீர், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சில நாட்கள் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம்.

ஆர்.ஓ. கருவி மெக்னீசியத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. கேழ்வரகு, பயறு, கீரை, நிலக்கடலை ஆகியவற்றை உண்பவர்களுக்கு இதனால் குறை நேராது. ஆனால் சிறுநீர் பெருக்கி மருந்துகளையோ, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளையோ நெடுநாள் உட்கொள்பவர்களுக்குத் தசைப்பிடிப்பு அடிக்கடி வந்தால், மெக்னீசிய அளவறியும் இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். தாமாகவே மெக்னீசிய மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம்.

நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் நிலை வேறு. மிகுதியான மெக்னீசியம் அவர்கள் உடலிலேயே தங்கிவிடக்கூடும். வீட்டார் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; மருந்துச்சீட்டின்றி வாங்கும் மலமிளக்கியையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் கவனிப்பதில்லை. 5 மில்லிலிட்டரில் 400 மில்லிகிராம் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உள்ள மலமிளக்கியின் ஒரு தேக்கரண்டியில், மேற்சொன்ன நீர் 3 லிட்டரில் உள்ளதைவிட அதிக மெக்னீசியம் உள்ளது. ஆகவே வாங்குமுன் புட்டியின் மேலுள்ள பெயர்ப்பட்டியைப் படித்துப் பாருங்கள். மெக்னீசியம் என்ற சொல் இருந்தால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நீரை ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையையும் அவரிடம் காட்டுங்கள்.

சிறுநீரக நோயாளிக்குக் குமட்டலுடன் தசைத்தளர்ச்சி, மிகுந்த உறக்கம், நாடித்துடிப்புக் குறைதல், மூச்சு மந்தமாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். கடந்த சில நாட்களில் கொடுத்த மருந்துகள் அனைத்தையும், புட்டிகளுடனேயே, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.